கூரை ஏசி இரைச்சல்: ட்ரெய்லரில் தூங்க வழி உண்டா?

2024 ஜூன் 2, கேள்வி (டாலஸ் பக்கத்து வாசகர்)

போன மாதம் 22 அடி டிராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். டெக்சஸின் கார்னர் ஸ்டேட் பார்க்கில் இரண்டு ராத்திரி. கூரை ஏசியைப் போட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுவது கேட்கவில்லை. நிறுத்தினால் கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டுகிறது. விற்ற கடையில் கேட்டால் "எல்லா ட்ரெய்லரும் இப்படித்தான்" என்கிறார்கள். இதைக் கழற்றிவிட்டு சத்தமில்லாத புது ஏசி போடுவதுதான் ஒரே வழி என்பது என் முடிவு. சரிதானே?

ஜூன் 2, இரவு, பதில்

சரியில்லை. இப்போதைக்கு வாங்காதீர்கள். புது ஏசி ஆயிரம் டாலருக்கு மேல். பழைய ஏசியின் சத்தத்தில் பாதி அந்த ஏசியின் குற்றமே இல்லை. என்னுடையது 24 அடி, ஹூஸ்டனில் நிற்கிறது, நாலு கோடைக்காலம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் எந்தச் சத்தம் என்று பிரித்துச் சொல்லுங்கள். மூன்று இருக்கின்றன. காற்றை உள்ளே இழுக்கும் கிரில்லில் வரும் "ஹோ" என்ற இரைச்சல் ஒன்று. கம்ப்ரஸர் கூரையையே உறுமவைக்கும் அதிர்வு ஒன்று. கம்ப்ரஸர் கிளம்பும்போது "டொப்" என்று ஓர் உதை, அதோடு விளக்கு ஒரு முறை மங்கும், அது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ஜூன் 3

நேற்று சொல்ல விட்டது. வீட்டு ஏசியில் கம்ப்ரஸர் வெளியே சுவர் ஓரமாக இருக்கும், நமக்குக் கேட்பது உள்விசிறி மட்டும். இதில் எல்லாம் ஒரே பெட்டி. கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை, அதைச் சுற்றி இடுக்கை அடைக்கும் ஒரு நுரை கேஸ்கட், அதன்மேல் 80, 90 பவுண்டு இயந்திரம். பெரும்பாலான மாடல்களில் மோட்டாரும் ஒன்றுதான். அதன் தண்டு இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். ஒரு முனையில் வெளிக்காற்றைத் தள்ளும் விசிறி, மறு முனையில் உள்ளே காற்று வீசும் உருளை விசிறி. கட்டிலுக்கு மேலே ஒரு மாவு மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் அளந்து பாருங்கள். ஐபோன் என்றால் நியோஷ் என்ற அமெரிக்க அரசு நிறுவனம் தரும் சத்தமானி செயலி இலவசம். என் ட்ரெய்லரில் கிரில்லுக்கு நேர் கீழே 72 டெசிபல், தலையணையில் 63. இது நான் கை வைப்பதற்கு முந்தைய கணக்கு.

ஜூன் 3, மாலை

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். பெட்டி செய்தேன். உறிஞ்சும் கிரில்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒட்டுப்பலகையில் ஒரு தட்டைப் பெட்டி. உள்பக்கம் முழுக்கச் சத்தம் உறிஞ்சும் நுரை. காற்று நேராக மேலே போகாமல் பக்கவாட்டில் நுழைந்து ஒரு வளைவு திரும்பித்தான் போக வேண்டும். சத்தமும் அதே வழியில்தான் இறங்கி வர வேண்டும், வளைவில் நுரையில் முட்டிச் செத்துவிடும். இதே தத்துவத்தில் கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. நான் முதலில் அட்டைப்பெட்டியில் வெட்டி டேப் போட்டு ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் பலகைக்குப் போனேன்.

72 இருந்தது 65 ஆனது. தலையணையில் 58. ஏழு டெசிபல் குறைந்தால் சத்தம் பாதி. வேலை முடிந்தது, இதைச் செய்யுங்கள்.

ஜூன் 4

"ஏழு டெசிபல் என்றால் பாதியா?" என்று ஒருவர் பிடித்துவிட்டார். தவறு என்னுடையது. காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். 3 டெசிபல் என்பது ஒலியின் ஆற்றலில் பாதி, அது காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். பெட்டி செய்த பெருமையில் கணக்கு தடுமாறிவிட்டது.

ஜூன் 16

பெட்டியைப் பற்றி மேலே எழுதியதை அப்படியே செய்துவிடாதீர்கள்! யாராவது நுரை வாங்கிவிட்டீர்களா?

டெக்சஸின் இங்க்ஸ் லேக் பார்க்கில் இருந்து இன்றுதான் திரும்பினோம். இரண்டாம் ராத்திரி, மணி இரண்டரை. மகள் எழுந்து "அப்பா, மழை உள்ளே பெய்யுது" என்கிறாள். ஏசி ஓடுகிறது, ஆனால் காற்றே வரவில்லை. பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) முழுக்க வெள்ளைப் பனிக்கட்டி, நம் ஊர் பழைய ஃபிரிட்ஜில் ஃப்ரீஸர் அறை இருக்குமே, அப்படி. அதன் விளிம்பு உருகி, சொட்டுச் சொட்டாக அவள் போர்வையில்.

காரணம் நான்தான். போன வருடப் பெட்டியில் நுரை ஒரு அங்குலம். இந்த வருடம் இன்னும் அமைதி வேண்டும் என்று இரண்டு அங்குலமாக்கினேன். காற்றுப் பாதை பாதியாகச் சுருங்கிவிட்டது. காயில் மேல் போதுமான சூடான காற்று போகாவிட்டால் அதில் படியும் ஈரம் உறைகிறது, உறைந்தால் காற்று இன்னும் குறைகிறது, இன்னும் உறைகிறது. கம்ப்ரஸரை அணைத்து விசிறியை மட்டும் ஓட்டினேன். ஒன்றரை மணி நேரம், கீழே ஒரு சோற்றுக் குண்டான்.

எனவே திருத்தம். பெட்டியின் வாய், உள்வழி எல்லாவற்றின் பரப்பும் பழைய கிரில்லின் பரப்பைவிடக் குறையவே கூடாது. போட்டபின் சமையல் தெர்மாமீட்டரை உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் பிடியுங்கள். வித்தியாசம் 16 முதல் 22 பாரன்ஹீட் டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேலே ஏறிக்கொண்டே போனால் காற்று திணறுகிறது என்று அர்த்தம். நுரையை ஒரு அங்குலத்துக்கு மாற்றிவிட்டேன். 67, தலையணையில் 60. அவ்வளவுதான் கிடைக்கும்.

ஜூன் 17

"கேஸ் கம்மியா இருக்கும், கேஸ் அடிச்சா சரியாயிடும்" என்று எழுதியவருக்கு: இந்தக் கூரை ஏசிகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்பட்டவை. கேஸ் ஏற்ற வால்வே இருக்காது. ஊரில் போல் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். கேஸ் ஓடும் குழாய் ஓட்டையாகிவிட்டால் அநேகமாக மொத்த ஏசியும் மாற்றத்தான்.

உறைவதற்கு அழுக்கு ஃபில்டரும் காரணமாகும். கழுவினீர்களா? கேட்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் என் முதல் வருடத்தில் நான் கழுவவில்லை.

ஜூன் 23

பனிக்கட்டி விஷயத்தில் எனக்குத் திருப்தி வரவில்லை, மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். நல்லதாகப் போயிற்று.

கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. அதை ஒரு தடுப்பு இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஒரு பக்கம் ஏசிக்குள் போகும் அறைக் காற்று, மறு பக்கம் குளிர்ந்து வந்து குழாய்களுக்குப் போகும் காற்று. என் ட்ரெய்லரில் அந்தத் தடுப்பு ஓரத்தில் என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. குளிர்ந்த காற்று அறைக்கே போகாமல் அங்கேயே திரும்பி உறிஞ்சப்படுகிறது. ஏசி தன் குளிரைத் தானே குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடுக்கில்தான் மெல்லிய விசில் சத்தமும். மூன்று வருடமாக அது விசிறியின் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

அலுமினிய ஃபாயில் டேப், பத்து டாலர். துணி மாதிரி இருக்கும் சாம்பல் நிற டேப் வேண்டாம், இந்தச் சூட்டில் பசை இளகிவிடும். உள்ளே தெரிந்த ஒவ்வொரு மூட்டையும், குழாய் தொடங்கும் வாயையும் ஒட்டினேன். கை முழுக்கக் கீறல். விசில் போய்விட்டது. அதைவிட முக்கியம், அறை சீக்கிரம் குளிர்கிறது, கம்ப்ரஸர் நிற்கிறது. நிற்கும் ஏசிக்குச் சத்தம் இல்லை.

பெட்டிக்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும். கேள்வி கேட்டவர் கவனிக்க: முதல் வேலை டேப்.

ஜூன் 24

டெசிபல் வித்தியாசம்? ஒன்றுகூட இல்லை. விசில் எண்ணில் ஏறாது, மண்டையில் ஏறும்.

ஜூலை 6

டாலஸ் நண்பர் "உறுமல்தான் அதிகம், சுவரில் மாட்டிய டம்ளர்கூட ஆடுகிறது" என்கிறார். அப்படியென்றால் கேஸ்கட்டைப் பாருங்கள். உள்ளிருந்து மேலே போகும் நீள போல்ட்டுகள் மூன்றோ நாலோ இருக்கும், அவைதான் ஏசியைக் கூரையோடு இழுத்துப் பிடிப்பவை. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நுரையின் கனம் தெரியும். ஒரு அங்குலத்துக்குக் கிட்ட இருந்த நுரை அழுத்தி அரை அங்குலமாக இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் ஆடும், மழை இறங்கும். மழைக்குப் பயந்து முறுக்கித் தள்ளினால் நுரை சப்பையாகி, இயந்திரம் நேராகக் கூரைச் சட்டத்தில் உட்கார்ந்து மொத்த ட்ரெய்லரையும் வீணைக்குடம் ஆக்கிவிடும். நம்மவர்களுக்கு "இன்னும் ஒரு சுற்று" என்பது கைப்பழக்கம். வேண்டாம். கையேட்டில் உள்ள அளவுக்கு, நாலு மூலையையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

கேஸ்கட்டைச் சுற்றிப் பசை அப்பாதீர்கள். யாரோ முன்னால் அப்பியிருந்தால் பழைய உரிமையாளர் ஒழுகலை மறைத்திருக்கிறார்.

ஜூலை 7

கூரைக்கு ஏறுகிறவர்களுக்கு. ட்ரெய்லரின் கரன்ட் கேபிளை அது செருகியிருக்கும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு ஏறுங்கள், பிரேக்கரை மட்டும் நம்பாதீர்கள். உருவிய பிறகும் உள்ளே கரன்ட்டைச் சேமித்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும், தெரியாவிட்டால் அதன் பக்கமே போகாதீர்கள். காலை ஏழு மணிக்குள் ஏறுங்கள். ஜூலையில் பத்து மணிக்கு டெக்சஸ் கூரை தோசைக்கல்.

ஜூலை 14

ஏழு மணிக்கு நானும் ஏறினேன். மேல்மூடியின் திருகுகளை எடுத்துத் தூக்கினால், உள்ளே குளவிக்கூடு. ஒன்றல்ல, ஐந்து. மண்ணைக் குழாய் குழாயாகப் பூசி வைத்திருந்தது. நாலு கூடு மூடியின் உள்பக்கம். ஐந்தாவது வெளி விசிறியின் இறக்கையிலேயே, ஒரு வேர்க்கடலை அளவு. வசந்த காலத்தில் ட்ரெய்லர் ஓடாமல் நின்றபோது கட்டியிருக்கும். அந்த வேர்க்கடலைதான் விசிறியைச் சமநிலை இழக்கவைத்து, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல், தண்டையும் மோட்டாரையும் கூரையையும் உலுக்கிக்கொண்டிருந்தது. கேஸ்கட்டைக் குறை சொன்ன என் ஜூலை 6 பாடம் எனக்கே பொருந்தவில்லை.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன் (குமாரபாளையத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்). "கூட்டையா கலைச்சே? குளவி கூடு கட்டுனா வீட்டுக்குப் புள்ளை வரும்டா கண்ணு." ஐந்து கூடு. என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நான் மறுபடி ஏணியில் ஏறிவிட்டேன்.

சுரண்டி எடுத்து, இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்தேன். உறுமல் பாதிக்குமேல் போயிற்று. மூடியின் வாய்க்கு வலை போடலாமா என்றால், மெல்லிய கொசுவலை வேண்டாம், காற்றை அடைக்கும். நிறுத்தி வைக்கும் மாதங்களில் மட்டும் துணி உறை, கிளம்பும் முன் அதை எடுக்க மறக்கக் கூடாது.

ஜூலை 15

மினி ஸ்பிளிட் (உள்பெட்டி, வெளிப்பெட்டி தனித்தனியாக உள்ள ஏசி) பற்றிக் கேட்டவருக்கு. உள்பக்கம் சத்தமே இருக்காது, உண்மை. மெதுவான வேகத்தில் 20, 30 டெசிபல்தான். ஆனால் வெளிப்பெட்டியை பம்பரிலோ முன்னால் இழுவைச் சட்டத்திலோ தொங்கவிட வேண்டும், நெடுஞ்சாலையில் ஆயிரம் மைல் குலுங்கினால் செப்புக் குழாயின் மூட்டு தளர்ந்து கேஸ் கசியலாம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்திக் குடியிருப்பவர்களுக்கு நல்லது. வார இறுதிக்கு ஓடுபவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

கூரை ஏசியிலேயே சத்தம் குறைந்தவை உண்டு. ஆஸ்திரேலியாவில் கேரவன்களுக்கு விற்கும் ஹூட்டன் என்ற பிராண்டு இங்கேயும் கிடைக்கிறது. வேகத்தை ஏற்றி இறக்கும் இன்வெர்ட்டர் வகையும் இப்போது வருகிறது. உங்கள் ஏசி செத்த பிறகு அதை வாங்குங்கள்.

ஜூலை 28

மூன்றாவது சத்தம், அந்த உதை. 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது ஏறக்குறைய 13 ஆம்ப் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் அந்தக் கணத்தில் ஐம்பது, அறுபதுக்குப் போகும். அதுதான் விளக்கு மங்குவதும், "டொப்"பும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி, முந்நூறு டாலர் பக்கம். மேல்மூடிக்குள் வயர்களோடு இணைத்தால் கம்ப்ரஸரை முரட்டுத்தனமாக உதைக்காமல் மெதுவாக எழுப்புகிறது. சின்ன ஜெனரேட்டரில் ஏசி ஓட்டுவதற்காகத்தான் பலரும் போடுகிறார்கள். நான் தூக்கத்துக்காகப் போட்டேன். "டொப்" இப்போது "ம்ம்ம்" ஆகிவிட்டது.

கோடையில் எல்லாரும் ஏசி போட்டுக் கேம்ப்கிரவுண்டில் வோல்ட்டேஜ் 105க்குக் கீழே இறங்கினால் சாஃப்ட் ஸ்டார்ட்டரும் காப்பாற்றாது. அணைத்துவிடுங்கள், கம்ப்ரஸர் வெந்துவிடும்.

ஆகஸ்ட் 4

இதை எழுதத்தான் இரண்டு நாளாகக் காத்திருந்தேன். மறுபடி இங்க்ஸ் லேக். டேப், ஒரு அங்குலப் பெட்டி, சுத்தமான விசிறி, சாஃப்ட் ஸ்டார்ட்டர் எல்லாம் போட்டாயிற்று. தலையணையில் 58. நான் மூன்று முறை விழித்தேன். அம்மா கிரில்லுக்கு நேர் கீழே, 66 டெசிபலில், விடிய விடியக் குறட்டை.

காலையில் கேட்டேன். "தறி ஓடறப்ப தூங்கிப் போடலாம் கண்ணு. நின்னுச்சுன்னாத்தான் முழிப்பு வரும், கரன்ட்டு போயிருச்சோன்னு."

நாற்பது வருடம் விசைத்தறிக் கொட்டகைக்குப் பக்கத்துச் சுவரில் படுத்தவர். நான் விழித்த மூன்று முறையும் யோசித்துப் பார்த்தால், ஏசி ஓடும்போது விழிக்கவில்லை. நின்றபோது ஒரு முறை, கிளம்பியபோது இரண்டு முறை. இத்தனை நாள் எண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தேன், என்னை எழுப்பியது எண் மாறுவது.

அன்று ராத்திரி சுவர்த் தெர்மோஸ்டாட்டில் விசிறியை "ஆட்டோ"வில் இருந்து "ஆன்"னுக்கு மாற்றினேன். கம்ப்ரஸர் வந்து வந்து போகும், விசிறி நிற்கவே நிற்காது. ஒரு முறைகூட விழிக்கவில்லை. செலவு பூஜ்யம். இதை ஜூன் 2 அன்றே எழுதியிருக்கலாம், ஆனால் அம்மா விமானம் ஏற வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 5

ஒரு திருத்தம். கூரைக் கிரில்லிலேயே திருப்பும் குமிழ் இருக்கும் பழைய மாடல்களில் குளிர் நிலையில் விசிறி ஏற்கெனவே நிற்காமல்தான் ஓடும். நேற்றுச் சொன்னது சுவரில் தெர்மோஸ்டாட் உள்ளவர்களுக்கு.

ஆகஸ்ட் 19

இன்னொரு திருத்தம், பெரியது. கால்வெஸ்டன் தீவுக்குப் போனோம். கடலிலிருந்து நூறடி. விசிறி "ஆன்". ராத்திரி முழுக்கத் தூங்கினேன், காலையில் எழுந்தால் போர்வை, தலையணை, அம்மாவின் காட்டன் புடவை எல்லாம் பிசுபிசு. கம்ப்ரஸர் நின்றதும் காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீரை ஓடும் விசிறி ஊதி அறைக்கே திருப்பித் தருகிறது. இங்க்ஸ் லேக்கில் இது தெரியவில்லை. கடற்கரையில் இது மழை.

ஆகவே ஈரமான ஊரில் ஏசி விசிறி "ஆட்டோ"வில் இருக்கட்டும். அதற்குப் பதில் இருபது டாலர் மேசை விசிறி ஒன்றைக் கட்டில் ஓரம் சுவரைப் பார்த்து விடிய விடிய ஓட விடுங்கள். ஏசி வருவதும் போவதும் அந்த இரைச்சலுக்குள் அமுங்கிவிடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தறி. "தறியப் போட்டாச்சா?" என்று மகன் கேட்கிறான்.

செப்டம்பர் 8

டாலஸ் நண்பர் தனிச் செய்தியில் எழுதியிருக்கிறார். போல்ட் ஒன்று முழுக்கக் கழன்று கிடந்ததாம், டேப் ஒட்டினாராம், டம்ளர் ஆடவில்லையாம். ஏசி மாற்றவில்லை. குளவி இல்லை என்று கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார், இரண்டாவது குழந்தைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

பகலில் வெயிலைத் தடுப்பது பற்றி யாருமே கேட்கவில்லை. மர நிழலில் நிறுத்துங்கள், ஜன்னலுக்கு வெள்ளித்தாள் வெட்டி வையுங்கள், ஏசி இல்லாத கூரைக் காற்றுத்திறப்பில் 14 அங்குல மெத்தை ஒன்றைச் செருகுங்கள், மத்தியானமே ஏசியைப் போட்டுவிடுங்கள். வேலை குறைந்தால் சத்தமும் குறையும்.

செப்டம்பர் 29

அந்த இரண்டு அங்குல நுரைப் பெட்டியை விற்பாயா என்று கேட்டவருக்கு: வேண்டாம், ஏன் என்று ஜூன் 16இல் இருக்கிறது. சும்மா வேண்டுமானால் கொடுக்கலாம் என்று இன்று கராஜில் தேடி எடுத்தேன். உள்ளே, காற்று திரும்பும் அந்த வளைவில், ஈர மண்ணில் புதுக் கூடு. அம்மா பார்த்துவிட்டார். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.